வீடுகளுக்கு சர்வீஸ் கேபிள் போடும் எலெக்ட்ரீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்தோழர்களுக்கு வணக்கம்.

நானும் உங்களைப் போல ஒரு எலெக்ட்ரீஷியன்தான். புது வீட்டுக்கு லைன் கொடுக்கும் வேலையைவிட, கொடுத்த லைன் சில வருடம் கழித்துக் கெட்டுப்போனால் போய்ப் பார்க்கும் வேலைதான் எனக்கு அதிகம். நீங்கள் மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்கிவிட்டுப் போன பெட்டிகளைத் திறந்து பார்க்கிற ஆள் நான். அப்படித் திறந்து பார்த்ததை உங்களிடமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தெருவில் இருக்கும் லைனிலிருந்து வீட்டு மீட்டருக்கும், அங்கிருந்து மெயின் சுவிட்சுக்கும் போகும் அந்தச் சில மீட்டர் கேபிளைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

வீட்டுக்குள் ஓடும் வயரிங்குக்கு நாம் நேரம் கொடுக்கிறோம். சுவிட்ச் போர்டு நேராக இருக்கிறதா, விளக்கு நடுவில் வந்திருக்கிறதா என்று வீட்டுக்காரர் பார்ப்பார், கேட்பார். சர்வீஸ் கேபிளுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அது வேலையின் கடைசி நாளில், இருட்டுவதற்குள், "இன்றைக்கே லைன் வந்தாக வேண்டும்" என்ற நெருக்கடியில் போடப்படுகிறது. விளக்கு எரிந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, எல்லோரும் கிளம்பிவிடுகிறோம். ஆனால் அந்த வீட்டின் மொத்த மின்சாரமும் வருடக்கணக்கில் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகப் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு ஒயரில் ஷார்ட் ஆனால் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். ஒருவர் உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால், 30 மில்லிஆம்பியருக்கு அமைத்த ஆர்.சி.சி.பி. என்ற கசிவு காக்கும் சுவிட்ச் நொடியின் ஒரு சிறு பங்குக்குள் துண்டித்துவிடும். இந்த இரண்டுமே மெயினுக்குப் பிறகுதான் இருக்கின்றன. மெயினுக்கு முன்னால் இருக்கும் சர்வீஸ் கேபிளுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. அதற்கென்று இருப்பது தெருவிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ இருக்கும் ஃபியூஸ். அது பல வீடுகளின் சுமையைத் தாங்கும்படி போட்டது. உங்கள் கேபிள் ஒரு தகரத்தின் விளிம்பில் உரசித் தோல் கிழிந்து, விட்டுவிட்டுப் பொறி பறந்தால், அந்த ஃபியூஸுக்கு அது இன்னொரு வீடு ஹீட்டர் போட்ட மாதிரிதான் தெரியும். சட்டென்று விழாது. எரிய வேண்டியது எரிந்து முடிகிற வரைக்கும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, வீட்டில் வேறு எங்கேயும் செய்வதைவிட இந்தச் சில மீட்டரில் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறேன். இங்கே பிழையைப் பிடிக்க வேறு சாதனம் இல்லை. உங்கள் கை ஒன்றுதான்.

முதலில் நுனியைப் பேசுவோம். கெடுவது பெரும்பாலும் கேபிளின் நடுவில் இல்லை, நாம் தோலுரித்து டெர்மினலுக்குள் (ஒயரை விட்டு ஸ்க்ரூ முடுக்கும் இடம்) விட்ட அந்த இரண்டு அங்குலத்தில்தான்.

ஒரு பெட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழு இழை கொண்ட அலுமினியக் கேபிள். மீட்டரின் ஓட்டைக்குள் ஏழும் சேர்ந்து போகவில்லை போலிருக்கிறது. இரண்டு இழையைப் பிளேயரால் வெட்டிவிட்டு, மீதி ஐந்தை முறுக்கி உள்ளே விட்டு ஸ்க்ரூவை முடுக்கியிருந்தார்கள். வெட்டிய நுனிகள் பளிச்சென்று இல்லை, சாம்பல் பூத்திருந்தன. அந்த ஐந்து இழையைச் சுற்றி இருந்த பி.வி.சி. தோல் ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பாகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மீட்டர் டெர்மினலின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் உருகி இறங்கியிருந்தது. ஏழில் இரண்டை வெட்டினால் குறுக்குப் பரப்பில் 28 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. வீட்டுக்காரர் 25 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்குக் காசு கொடுத்தார். மீட்டருக்குள் போனது 18-க்கும் குறைவு. அதுவும் சூடு கூடும் இடத்திலேயே. கேபிள் உள்ளே போகவில்லை என்றால் ஊசி போன்ற நுனி உள்ள 'பின்' வகை லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனை) போடலாம், அல்லது அந்த அளவுக்கு ஏற்ற டெர்மினல் பிளாக் இடையில் போடலாம். வெட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தோலுரிக்கும்போது கத்தியை வட்டமாகச் சுழற்றி வெட்டுவதும் இதே வகைதான். கத்தி தோலோடு நிற்காமல் இழையிலும் கோடு போட்டுவிடும். அலுமினியத்தில் அப்படி ஒரு கோடு விழுந்துவிட்டால், பெட்டிக்குள் ஒருமுறை வளைத்து ஒருமுறை நிமிர்த்தினாலே இழை அங்கே முறிந்துவிடும். முறிந்தது வெளியே தெரியாது, ஸ்க்ரூவுக்குள்ளேயே இருக்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து நுனியை நோக்கிச் சீவி எடுங்கள். அல்லது கேபிள் அளவுக்கான ஸ்ட்ரிப்பர் வாங்குங்கள். உங்களுக்குக் கீழே வேலை கற்கும் பையன் நீங்கள் எப்படிச் சீவுகிறீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அலுமினியம் ஏன் இப்படிப் படுத்துகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை தானாகவே சரியாகிவிடும். சுரண்டிப் பளபளப்பாக்கிய மறு நிமிடமே அதன் மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் ஒயர் பிரஷால் தேய்த்த கையோடு, துத்தநாகத் தூள் கலந்த ஜாயிண்ட் பேஸ்ட்டைத் தடவி உடனே உள்ளே விடச் சொல்கிறார்கள். தேய்த்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து மாட்டினால் தேய்த்ததற்குப் பலன் இல்லை. அடுத்தது, ஸ்க்ரூ அழுத்தும் இடத்தில் அலுமினியம் காலப்போக்கில் மெல்ல நகர்ந்து கொடுக்கும். ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 23 மைக்ரோமீட்டர் அளவில் அது விரியும். செம்பு 17 மட்டுமே. பகலில் சுமை ஏற ஏற விரிந்து, இரவில் சுருங்கி, இப்படியே ஆயிரம் முறை நடந்தால் முதல் நாள் இறுக்கமாக இருந்த ஸ்க்ரூ லூஸ் காண்டாக்ட் ஆகிவிடும்.

அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாகச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றுவது இன்னும் மோசம். ஈரம் பட்டதும் அரிப்பு தொடங்கும், அரிக்கப்படுவது அலுமினியம். இதற்குத்தான் ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமும் கொண்ட பைமெட்டல் லக் இருக்கிறது. பெட்டிக்குள் இடம் இருந்தால் அலுமினியத்தை மேலேயும் செம்பைக் கீழேயும் வையுங்கள். செம்பின் மேல் வழிந்த நீர் அலுமினியத்தின் மேல் சொட்டினால் அரிப்பு வேகம் பிடிக்கும். லக்கை பிளேயரால் நசுக்குவதும், உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்பதும் கிரிம்பிங் (லக்கைக் கேபிளோடு அழுத்தி இணைப்பது) இல்லை. அப்படி அடித்த லக்கை அறுத்துப் பார்த்தால் இழைகளுக்கு நடுவே இடைவெளி அப்படியே இருக்கும். அந்த அளவுக்கு உரிய டை (அழுத்தும் அச்சு) போட்டு, கிரிம்பிங் டூல் முழுதாக மூடி விடுகிற வரைக்கும் அழுத்துங்கள்.

அமெரிக்காவில் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் வீட்டுக்குள் அலுமினிய ஒயர் போட்டார்கள். பிறகு அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆய்வு செய்ய வைத்தது. 1972-க்கு முன் தயாரான அலுமினிய ஒயர் போட்ட வீட்டில், ஏதாவது ஒரு இணைப்பாவது தீப்பிடிக்கும் நிலையை எட்டும் வாய்ப்பு, செம்பு போட்ட வீட்டைவிட 55 மடங்கு என்று தெரிந்தது. அது மெல்லிய ஒயர், பழைய கலவை. இன்றைய சர்வீஸ் கேபிளோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அங்கே கெட்டதும் நுனிதான். அலுமினியத்தையே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக முடித்த அலுமினியக் கேபிள் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஒழுங்காக முடிக்காவிட்டால், செம்பு மன்னிக்கிற அளவுக்கு அலுமினியம் மன்னிக்காது.

"நான் கையாலேயே நல்லா முடுக்கிவிடுவேன், எனக்கு அளவு தெரியும்" என்று பலர் சொல்வார்கள். உங்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் கை ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்காது. ஏணியின் மேல் நின்று ஒரு கையால் முடுக்குவதும், தரையில் நின்று முடுக்குவதும் ஒன்றில்லை. குறைவாக முடுக்கினால் லூஸ் காண்டாக்ட். அதிகம் முடுக்கினால் இழை நசுங்கும், ஸ்க்ரூவின் மரை போகும். எவ்வளவு இறுக்க வேண்டும், அதாவது எத்தனை நியூட்டன் மீட்டர் என்று டெர்மினலிலோ அதனுடன் வரும் தாளிலோ அச்சிட்டிருக்கும். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 2017 பதிப்பிலேயே, அப்படி அளவு குறித்திருக்கும் இடத்தில் அளவு சரிபார்த்த டார்க் கருவியால்தான் (முடுக்கும் இறுக்கத்தை அளக்கும் கருவி) முடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். முடுக்கிய பிறகு ஸ்க்ரூவின் தலையிலிருந்து டெர்மினல் வரை ஒரு பெயிண்ட் கோடு இழுங்கள். பிறகு ஸ்க்ரூ அசைந்திருந்தால் அந்தக் கோடு உடைந்திருக்கும், பார்த்ததுமே தெரியும்.

இவ்வளவும் ஏன், லைன் கொடுத்த அன்று எல்லாம் நன்றாகத்தானே எரிந்தது என்று கேட்கலாம். அன்று எரிந்தது இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும். ஜாயிண்டில் 10 மில்லி ஓம் மின்தடை இருக்கிறது என்று வையுங்கள். ஒரு ஆம்பியர் ஓடும்போது அங்கே பிறக்கும் சூடு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. 60 ஆம்பியர் ஓடும்போது 36 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்க எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அது. இங்கே மூடிய பெட்டிக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவில், மணிக்கணக்காக. மல்டிமீட்டரை வைத்தால் 230 காட்டும், ஏனென்றால் சுமை இல்லாத நேரத்தில் லூஸ் ஜாயிண்டும் முழு வோல்ட்டேஜைக் கடத்திவிடும். அதனால் ஹீட்டர், ஏ.சி. என்று இருப்பதை எல்லாம் போட்டுச் சுமையை ஏற்றிவிட்டு, உரிய கையுறையோடு, ஒவ்வொரு ஜாயிண்டின் இரு பக்கமும் மீட்டரை வைத்து எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு ஜாயிண்டில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு காட்டினால், அதைப் பிரித்து மறுபடி செய்யாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

அடுத்து நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர். நம் தொழிலில் நியூட்ரலுக்குக் கிடைக்கும் அலட்சியம் போல வேறெதற்கும் கிடைப்பதில்லை. பேஸை (மின்சாரம் வரும் ஒயரை) இரண்டு முறை முடுக்குகிற கை நியூட்ரலை ஒருமுறை முடுக்கி விட்டுவிடும். "அதில்தான் ஷாக் அடிக்காதே!"

மும்முனை இணைப்பு வாங்கிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேஸில் 2,000 வாட் ஹீட்டர் ஓடுகிறது. இன்னொரு பேஸில் டி.வி.யும் சில விளக்குகளுமாக 200 வாட். வரும் நியூட்ரல் விட்டுப்போனால் இந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, 400 வோல்ட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும். கணக்குப் போட்டால் ஹீட்டருக்குக் கிடைப்பது சுமார் 36 வோல்ட், டி.வி. பக்கம் ஏறுவது சுமார் 364 வோல்ட். எந்த எம்.சி.பி.யும் விழாது, ஏனென்றால் ஓடும் ஆம்பியர் அதை விழவைக்கும் அளவுக்கு ஏறுவதே இல்லை. ஒரு ஸ்க்ரூ சரியாக முடுக்காததால் ஒரு வீட்டில் இருக்கிற அத்தனை எலெக்ட்ரானிக்ஸும் ஒரே நேரத்தில் புகைந்து போவது இப்படித்தான். நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் போடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். பழைய வீடுகளில் இன்னும் அப்படி ஃபியூஸ் இருந்தால், புது கேபிள் இழுக்கும்போதே அதை எடுத்துவிட்டு நேர் லிங்க் (ஃபியூஸ் இல்லாத நேர் இணைப்பு) போடுங்கள்.

ஒருமுனை வீட்டில் நியூட்ரல் போனால் விளக்கு அணையும், அவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். டெஸ்டரை வைத்துப் பாருங்கள்: சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரியும். சுவிட்ச் போட்டு விட்டிருக்கும் ஏதோ ஒரு சாதனத்தின் வழியாகப் பேஸ் நியூட்ரல் ஒயருக்குத் திரும்பி வந்திருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பி அந்த ஒயரைத் தொடுகிறவர் கதி என்ன? தெரு லைனின் நியூட்ரலிலிருந்தே வீட்டுக்கு எர்த் எடுக்கும் முறை உள்ள ஊர்களில் இது இன்னும் பயங்கரம். அங்கே நியூட்ரல் அறுந்தால் குழாய், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் கதவு என்று எர்த் கொடுத்த உலோகம் எல்லாம் மின்சாரம் ஏறி நிற்கும்.

ஒரு வழக்கத்தை மட்டும் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். நியூட்ரல் போன வீட்டில், "நாளைக்கு வந்து பார்க்கிறேன், இன்றைக்கு ராத்திரி ஓடட்டும்" என்று எர்த் ஒயரை நியூட்ரலாக மாட்டிவிட்டுப் போவது உண்டு. அந்த நாளை பல வீடுகளில் வந்ததே இல்லை. வீட்டின் மொத்த மின்சாரமும் எர்த் ராடு வழியாக மண்ணுக்குப் போகிறது. மண் காய்ந்து எர்த்தின் தடை ஏறினால், அந்த வீட்டில் எர்த்தோடு சேர்ந்த ஒவ்வொரு உலோகமும் வோல்ட்டேஜில் நிற்கும். அதைத் தொடப் போவது அந்த வீட்டுக் குழந்தைகள். வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் இதைச் செய்யாதீர்கள். ஓர் இரவு இருட்டில் இருந்தால் யாரும் சாகமாட்டார்கள்.

நிறத்தை நம்பியும் நியூட்ரலை முடிவு செய்ய வேண்டாம். பிரிட்டனில் 2004 வரை கறுப்பு நியூட்ரல், நீலம் மூன்று பேஸ்களில் ஒன்று. அந்த ஆண்டு ஐரோப்பிய நிறங்களுக்கு மாறத் தொடங்கினார்கள். புது முறையில் நீலம் நியூட்ரல், கறுப்பு ஒரு பேஸ். அப்படியே தலைகீழ். பழைய கேபிளும் புதிய கேபிளும் ஒரே பெட்டியில் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த நாட்டிலும் பழைய வேலையோடு புது வேலையைச் சேர்க்கும்போது டெஸ்டர் சொல்வதை மட்டும் நம்புங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மழை நீர் கேபிளின் மேல்தான் வழியும் என்று நினைக்கிறோம். கேபிளுக்கு உள்ளேயும் வழியும். மேல் நுனியில் தோலுரித்த இடம் திறந்திருந்தால், இழைகளுக்கு இடையே இருக்கும் நூல் போன்ற இடைவெளிகள் வழியாக நீர் இறங்கி, பல மீட்டர் பயணம் செய்து மீட்டருக்குள் சொட்டும். மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு ஓட்டையும் இல்லாமல் உள்ளே துரு பிடித்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வெயிலில் வெடித்த வெளித்தோல் வழியாகவும் நீர் உள்ளே போகும். அதனால் மேல் நுனியை நீர் புகாதபடி மூடுங்கள். சும்மா டேப் சுற்றினால் ஒரு கோடைகூடத் தாங்காது, சூட்டில் சுருங்கி உள்ளே பசை உருகும் ஸ்லீவ் போடுங்கள். பைப்பின் வாயைக் கீழ் நோக்கித் திருப்புங்கள். கேபிள் பைப்புக்குள் நுழைவதற்கு முன் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விடுங்கள், அதன் அடியில் நீர் சொட்டிவிடும். பெட்டிக்குக் கேபிளைக் கீழிருந்து, கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் வளையம்) போட்டு ஏற்றுங்கள். மேலிருந்துதான் கொண்டுவர முடியும் என்று சொல்லும் சுவர்களில் பத்தில் ஒன்பதில் கீழிருந்தும் முடியும். இன்னும் ஒரு மீட்டர் கேபிள் ஆகும், அவ்வளவே.

மேலே தொங்கிவரும் கேபிள் தன் எடையைத் தானே சுமக்கக் கூடாது. தாங்கு கம்பி சுமக்கட்டும், கம்பத்திலும் சுவரிலும் அதன் இழுவையை இன்சுலேட்டர் தாங்கட்டும். டெர்மினலில் இழுவை இருக்கவே கூடாது. காற்றில் ஆடும் கேபிள் எதன் மேல் உரசும் என்று கீழே நின்று ஒரு நிமிடம் பாருங்கள்: தகரக் கூரையின் விளிம்பு, ஜன்னல் கிரில், துணி உலர்த்தும் கம்பி, மரக்கிளை. வளைக்கும்போது வளைவின் ஆரம் கேபிளின் வெளிவிட்டத்தைப் போல இத்தனை மடங்காவது இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கொடுத்திருப்பார். வகையைப் பொறுத்து ஐந்து மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை வரும், ஆர்மர்ட் (உலோகக் கவசம் போட்ட) கேபிளுக்குக் கூடுதல். சுவர் மூலையில் முட்டியால் அமுக்கி மடக்குவது அழகாகத் தெரியலாம். உள்ளே இன்சுலேஷன் இழுபட்டு மெலிந்து நிற்கும்.

மண்ணுக்கடியில் போடும்போது நீங்கள் நினைக்க வேண்டியது உங்களைப் பற்றி இல்லை, பிற்பாடு அதே இடத்தில் கடப்பாரை போடப் போகிற ஆளைப் பற்றி. அவர் தோட்டம் போடுபவராக இருக்கலாம், குழாய் பதிப்பவராக இருக்கலாம். அந்த இடத்தில் கேபிள் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எவ்வளவு ஆழம் என்பது அந்தந்த நாட்டு விதியில் இருக்கிறது. ஏறத்தாழ அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. ஆழமாகத் தோண்டச் சோம்பல்பட்டு, மண்வெட்டி எட்டும் அளவிலேயே புதைத்து மூடிய கேபிள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு சாண் ஆழத்தில்கூட. கீழே மணல், மேலே மணல், அதற்கு மேல் ஓடோ பலகையோ, கேபிளுக்கும் தரைக்கும் நடுவில் எச்சரிக்கை நாடா. இந்த நாடாவின் விலை ஒன்றுமே இல்லை. கடப்பாரை கேபிளைத் தொடுவதற்கு முன் மண்வெட்டியில் மஞ்சளாக ஏதோ மாட்டி வந்தால் அந்த ஆள் நிறுத்திவிடுவார். மண்ணுக்குள் ஜாயிண்ட் போடாதீர்கள். போட்டே தீர வேண்டும் என்றால் ரெசின் ஊற்றும் ஜாயிண்ட் கிட் போடுங்கள், டேப் வேண்டாம். பைப் வீட்டுக்குள் நுழையும் வாயை அடைத்துவிடுங்கள். தெருவில் கசியும் எரிவாயுகூட அந்தப் பைப் வழியாக வீட்டுக்குள் வரும். மூடுவதற்கு முன் மெக்கரை (இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவியை) 500 வோல்ட்டில் வைத்து அளவெடுங்கள். விதி கேட்பது 1 மெகா ஓம். ஆனால் புதுக் கேபிள் இரண்டு மூன்று மெகா ஓம் மட்டும் காட்டினால் தேறிவிட்டது என்று மூடாதீர்கள். நல்ல கேபிள் நூற்றுக்கணக்கில் காட்டும். எங்கேயோ தோல் கிழிந்திருக்கிறது அல்லது நுனி நனைந்திருக்கிறது.

சுமை விஷயமாகவும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் வீட்டில் பெரிய சுமை விட்டுவிட்டுத்தான் வரும். ஹீட்டர் அரை மணி ஓடும், நின்றுவிடும், கேபிள் ஆறிக்கொள்ளும். இப்போது மின்சாரக் கார் வந்துவிட்டது. 7.4 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர், இரவு முழுக்க. கூடவே ஏ.சி.யும் ஓடும். சார்ஜர் மாட்டச் சொல்லிக் கூப்பிட்டால், சார்ஜரை மட்டும் மாட்டிவிட்டு வராமல் சர்வீஸ் கேபிளையும் அதன் நுனிகளையும் திறந்து பாருங்கள். பி.வி.சி. தாங்கும் சூடு 70 டிகிரி, எக்ஸ்.எல்.பி.இ. என்ற இன்னொரு வகைத் தோல் 90 டிகிரி. கேபிள் 90 தாங்கும் என்பதற்காக அதிக ஆம்பியர் ஏற்றினால், அதை மாட்டியிருக்கும் டெர்மினல் அவ்வளவு தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தாங்காது.

உங்கள் உயிரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுதாகாது. சர்வீஸ் கேபிளில் லைனைத் துண்டிக்காமலேயே வேலை செய்வது வீரம் என்று பழகிவிட்டோம். எம்.சி.பி. காவல் இல்லாத அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி பேஸையும் நியூட்ரலையும் தொட்டால் ஓடப்போவது ஆயிரக்கணக்கான ஆம்பியர். முகத்துக்கு நேரே உருகிய செம்பு தெறிக்கும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் நிற்பது ஷாக்கிலிருந்து ஓரளவு காப்பாற்றலாம், இதிலிருந்து காப்பாற்றாது. மின் விநியோக நிறுவனத்தைக் கூப்பிட்டு லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி கேளுங்கள், அது உங்கள் உரிமை. 1,000 வோல்ட் குறியிட்ட கருவிகளும், முகக்கவசமும், ரப்பர் கையுறையும் இல்லாமல் அந்த மூடியைத் திறக்காதீர்கள்.

ஒப்பந்தக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே சொன்னவற்றில் பாதி, ஆளுக்குத் தெரியாமல் நடப்பதில்லை. நேரம் கொடுக்காததால் நடக்கிறது. கிரிம்பிங் டூலும் டார்க் கருவியும் வாங்கிக் கொடுக்காமல் ஆளை அனுப்பிவிட்டு, வேலை சரியில்லை என்று திட்டுவது நியாயமில்லை. சர்வீஸ் கேபிளைக் கடைசி நாள் வேலையாக வைக்காமல், அதற்கென்று ஒரு பகலை ஒதுக்குங்கள். விலைப்பட்டியலில் லக், பேஸ்ட், கிளாண்ட், எச்சரிக்கை நாடா எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். எழுதாதது வாங்கப்படுவதில்லை.

கடைசியாக உங்கள் எல்லோரிடமும் ஒரு கோரிக்கை. மீட்டர் பெட்டியையோ மெயின் பெட்டியையோ மூடும் முன், மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுங்கள். கேபிள் செம்பா அலுமினியமா, எத்தனை சதுர மில்லிமீட்டர், எந்தத் தேதியில் போட்டது, எத்தனை நியூட்டன் மீட்டருக்கு முடுக்கியது, மெக்கர் எவ்வளவு காட்டியது. மண்ணுக்குள் போனால் எந்தச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி, என்ன ஆழத்தில் என்று ஒரு சின்னக் கோட்டுப்படம். பெயிண்ட் கோடு போட்ட நுனிகளை ஃபோனில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். பிறகு பழுது பார்க்க வருகிற என்னைப் போன்ற ஒருவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவார்.

அன்புடன்,
பழுது பார்க்கும் ஓர் எலெக்ட்ரீஷியன்